ப்ளஸ் ஒன்னில் வரலாறு எடுக்கலாமா?

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பில் 500க்கு 441. சமூக அறிவியலில்தான் அதிக மார்க், கணக்கிலும் குறையில்லை. வரலாறு உள்ள குரூப்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். உறவுக்காரர்களோ, "இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு யாராவது ஆர்ட்ஸ் குரூப் எடுப்பார்களா? பயோ-மேத்ஸ் படித்தால் பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாமே" என்கிறார்கள். என்ன செய்வது?

அம்மா, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வரலாறு எடுத்தால் எந்தெந்தப் படிப்புகள் கைவிட்டுப் போகும் என்பது ஒன்று. மகளுக்கு இருப்பது நின்று நிலைக்கும் ஆர்வமா, இரண்டு மாதத்தில் வடிந்துவிடும் ஆசையா என்பது மற்றொன்று. முதலாவதற்கு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதைத் தூரத்திலிருந்து நான் முடிவுசெய்ய முடியாது, 441 என்ற எண்ணும் அதைச் சொல்லாது. ஆனால் அதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியும். மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு நடத்துகிறவன் என்ற முறையில் அந்த வழியையும் கீழே எழுதுகிறேன்.

கைவிட்டுப் போகிறவை இவை: பொறியியல், கட்டடக்கலை, நீட் வழியாகப் போகும் மருத்துவம், பல் மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம், கால்நடை மருத்துவம். நம் பகுதியில் பலர் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிற ஒன்று பி.எஸ்சி. வேளாண்மை. நிலம் நீச்சு உள்ள குடும்பம், வயலிலேயே வளர்ந்த பிள்ளை என்றாலும் அறிவியல் பாடங்கள் படிக்காமல் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. முப்படை அதிகாரிகளாகச் சேர்வதற்கான என்.டி.ஏ. தேர்வில் ராணுவப் பிரிவுக்கு எந்தக் குரூப்பும் போதும், கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் வேண்டும். பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் ஆகியவற்றுக்குக் கல்லூரிக்குக் கல்லூரி விதி வேறுபடும், கணிதமோ கணினி அறிவியலோ கேட்கும் இடங்கள் நிறைய. மகளின் மனதில் இவற்றில் ஏதாவது ஒன்று ஓரமாகவாவது இருந்தால் இப்போதே வெளியே சொல்லிவிட வேண்டும். ப்ளஸ் டூ முடித்த பிறகு மனம் மாறினால் மீண்டும் இரண்டு வருடம் அறிவியல் படித்துத்தான் திரும்ப முடியும்.

கையில் இருப்பவையும் குறைவில்லை. பி.ஏ.வில் தமிழ், ஆங்கிலம், பொருளியல், அரசியல் அறிவியல், வரலாறு என எதற்கும் போகலாம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்தக் குரூப்பும் தடையில்லை. தமிழ்நாடு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள அரசு சட்டக் கல்லூரிகளில் ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள். குறைந்தபட்சம் பொதுவாக 45 விழுக்காடு, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40. திருச்சியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அங்கேயே உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் கிளாட் என்ற தனி நுழைவுத்தேர்வு, ஆங்கிலம் பலமாக இருக்க வேண்டும். சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வைக்கூட எந்தக் குரூப் படித்தவரும் எழுதலாம். பி.காம். சேர மட்டும் பல கல்லூரிகள் வணிகவியலோ கணக்குப்பதிவியலோ படித்திருக்க வேண்டும் என்பார்கள்.

உறவினர்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பயோ-மேத்ஸ் படித்தவர் பிறகு பி.ஏ. வரலாற்றில் சேரலாம். வரலாறு படித்தவர் பி.இ. சேர முடியாது. கணக்காகப் பார்த்தால் அறிவியல் எடுப்பதே பாதுகாப்பு. அந்தக் கணக்கில் விட்டுப்போவது நடுவில் உள்ள இரண்டு வருடம். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கையும் மனமில்லாமல் படிக்கிற பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு மார்க் அப்படியே வராது. அரசு கலைக் கல்லூரிகளில் பி.ஏ. வரலாறு போன்ற படிப்புகளுக்குத் தரவரிசை போடும்போது, மொழிப்பாடங்களை விட்டு மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். பாதுகாப்புக்காக எடுத்த குரூப்பில் மார்க் சரிந்து, விரும்பிய இடத்துக்கும் போக முடியாமல் நிற்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். மகளுக்கு அறிவியலில் வெறுப்பு இல்லை, எது படிப்பது என்ற தெளிவும் இல்லை என்றால் உறவினர்கள் பேச்சைக் கேளுங்கள். அறிவியல் பக்கமே போக மாட்டேன் என்பதில் அவள் தெளிவாக இருந்தால், அந்தப் பாதுகாப்பால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை.

அடுத்து, வரலாற்றோடு வேறென்ன பாடங்கள் என்பது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நம் பக்கத்து மேல்நிலைப் பள்ளிகளில் அதிகம் கிடைப்பது வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் சேர்ந்த குரூப். அதில் வரலாறு மற்ற மூன்றோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். வங்கி, பி.காம். பக்கம் போகிற எண்ணம் இருந்தால் அதுவே நல்லது. வரலாற்றை ஆழமாகப் படிக்க வேண்டுமென்றால் வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் சேர்ந்த குரூப்பைத் தேடுங்கள். காவிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மாகாணமும் மைசூரும் 1892இலும் 1924இலும் செய்த ஒப்பந்தங்கள் வரலாறு. அரசியலமைப்பின் 262வது பிரிவும், 1956இன் மாநிலங்களுக்கிடையேயான நதிநீர்த் தகராறுச் சட்டமும், 1990இல் அமைந்த நடுவர் மன்றமும், தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் அரசியல் அறிவியல். குடகு மழைக்கும் நம் ஆற்று நீருக்கும் உள்ள தொடர்பு புவியியல். ஜூன் 12இல் மேட்டூர் திறக்காவிட்டால் குறுவை எவ்வளவு குறையும், கூலி வேலைக்குப் போகிறவர் வருமானம் என்ன ஆகும் என்பது பொருளியல். வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று தினமும் பேசுகிற வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு இந்த நான்கும் ஒரே விஷயத்தின் நான்கு பக்கங்களாகத் தெரியும். பக்கத்து ஊர்ப் பள்ளியில் இந்தச் சேர்க்கை இல்லாவிட்டால், தினமும் அரை மணி நேரம் கூடுதலாகப் பஸ்ஸில் போய்ப் படிப்பதுகூடத் தகும் என்பது என் கருத்து. புவியியலுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு, வரலாற்றுக்கு 90 எழுத்துத் தேர்வு, 10 அகமதிப்பீடு.

பாடத்திட்டம் பற்றி ஓர் எச்சரிக்கை. சோழர்கள் மேல் உள்ள ஆசையால் வரலாறு எடுக்கும் பிள்ளைகள் நம் பகுதியில் அதிகம். அது இயல்பு, பெரிய கோயிலும் தாராசுரமும் கண்ணெதிரே இருக்கின்றன. ஆனால் சோழர் வருவது பதினோராம் வகுப்புப் புத்தகத்தின் சில பாடங்களில்தான். அந்தப் புத்தகமே சிந்துவெளிக்கும் முன்பிருந்து ஆங்கிலேயர் ஆட்சிக்காலம் வரை ஓடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் சோழர் வரவே மாட்டார்கள். முதல் பாதி முழுக்கத் தேசிய இயக்கமும் விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவும், அதன்பின் ஐரோப்பிய மறுமலர்ச்சி, புரட்சிகள், ஏகாதிபத்தியம், இரண்டு உலகப் போர்கள். ராஜராஜனுக்காக வந்த பிள்ளை பிஸ்மார்க்கைப் பார்த்துத் திகைத்துப்போகும். மகளிடம் இரண்டு புத்தகங்களின் பொருளடக்கத்தையும் காட்டுங்கள். பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இனி அந்தச் சோதனை. பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் பிற்காலச் சோழர், பாண்டியர் பாடத்தையும், பன்னிரண்டில் முதல் உலகப்போர் இந்தியாவைப் பாதித்தது பற்றிய பாடத்தையும் எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொன்றையும் ஒரே அமர்வில் படித்து, மூடிவைத்துவிட்டு, "ஏன்" என்று தொடங்கும் ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் எழுதட்டும். ராஜராஜன் ஏன் இவ்வளவு பெரிய கோயிலைக் கட்டினான், எங்கோ நடந்த போருக்குப் பின் இங்கே ஏன் தேசிய இயக்கம் வேகம் பிடித்தது, இப்படி ஏதாவது. மறுநாள் அதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, எந்த வரிக்குப் புத்தகத்தில் ஆதாரம் இருக்கிறது, எதைத் தானாகச் சேர்த்தோம் என்று அவளே குறிக்கட்டும். இதை நான்கைந்து முறை செய்யச் சொல்லுங்கள். படிப்பது பிடித்து, எழுதுவது சலித்தால் அவளுக்கு இருப்பது கதை கேட்கிற ஆசை. அது நல்ல ஆசைதான், அதற்கு இந்தக் குரூப் எடுக்க வேண்டியதில்லை. ஒப்பிட்டுத் திருத்துவதில் சுவை வந்தால் தயங்காமல் சேருங்கள். இன்னொன்றும் பாருங்கள். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எல்லாரும் சொல்வார்கள். விழும். வெயில் சாய்ந்த நேரத்தில் போனால் யாரும் பார்க்கலாம். அதை நேரில் பார்க்கும்போது அவளுக்கு ஏமாற்றம் வருகிறதா, "அப்படியானால் இந்தப் பேச்சு எப்படிக் கிளம்பியது" என்று கேட்கத் தோன்றுகிறதா? இரண்டாவது வகைப் பிள்ளைக்குத்தான் இந்தப் பாடம்.

வரலாறு வெறும் மனப்பாடம் என்கிற பயம் பாதி சரி. ஆண்டுகளும் பெயர்களும் நினைவில் இல்லாமல் ஒன்றும் எழுத முடியாது. 90 மதிப்பெண் வினாத்தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி 20. அதன்பின் இரண்டு மதிப்பெண்ணில் பத்தில் ஏழு, மூன்று மதிப்பெண்ணில் பத்தில் ஏழு, இரண்டிலும் ஒரு கேள்வி கட்டாயம். ஐந்து மதிப்பெண் ஏழு, ஒவ்வொன்றும் இது அல்லது அது என்று வரும். ஒரு மதிப்பெண் பகுதியில் கூற்று–காரணம், காலவரிசை, பொருத்துக என்று கேட்பார்கள். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை மட்டும் உருப்போட்டவர்கள் இங்கேதான் மூன்று நான்கு மார்க் விடுகிறார்கள். கூற்றும் சரி, காரணமும் சரி, ஆனால் அந்தக் காரணம் அந்தக் கூற்றுக்குப் பொருந்தாது என்கிற வகையில் அதிகம் சறுக்குகிறார்கள். இதற்கு மருந்து ஒரு நோட்டு. இடது பக்கம் ஆண்டு, நடுவில் நிகழ்ச்சி, வலது பக்கம் "எதனால்" என்று ஒரே வரி. பாடம் நடந்த அன்றே எழுத வேண்டும். கைடில் இருக்கும் பட்டியலைப் பார்த்து எழுதினால் பயனில்லை.

ஐந்து மதிப்பெண் விடையில் நடக்கும் தவறுகள் வேறு மாதிரி. கேள்வி காரணங்களைக் கேட்கும், பிள்ளை விளைவுகளையும் சேர்த்து இரண்டு பக்கம் எழுதும். முன்னுரையிலேயே அரைப்பக்கம் போய்விடும். வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் பற்றிக் கேட்டால் காந்தியின் பிறப்பிலிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு. 1930 ஏப்ரல் 13இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடைப்பயணம், தஞ்சை மாவட்டம் வழியாக 28இல் வேதாரண்யம், 30இல் உப்பு எடுத்தது, கைது. வழியில் தொண்டர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுக்கக் கூடாது என்று ஆட்சியர் போட்ட தடை, அதை மீறி மக்கள் கொடுத்தது, சர்தார் வேதரத்தினம் பிள்ளையின் பங்கு. இவற்றை ஐந்தாறு தெளிவான வாக்கியங்களில் எழுதினால் போதும். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஓர் ஆளோ ஊரோ நாளோ இருக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் ஐந்து மதிப்பெண் விடை ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் 84 நிமிடம் ஆகும். மீதி நேரம் மற்ற மூன்று பகுதிகளுக்கும் தாராளமாகப் போதும்.

டெல்டாவில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் உண்மையான ஒரு சாதகம் உண்டு, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நிலத்துக்கு மா, வேலி, நெல்லுக்குக் கலம், மரக்கால் என்று வீட்டுப் பெரியவர்கள் அளவு பேசுவதைக் கேட்டு வளர்ந்திருப்பாள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, இன்றைய கணக்கில் 6.6 ஏக்கர். பெரிய கோயில் கல்வெட்டில், அங்கே குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு, அதாவது கோயிலில் ஆடிப் பாடிய பெண்களுக்கு, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல், அது ஒரு வேலி நிலத்திலிருந்து வரும் வருவாய் என்று எழுதியிருக்கிறது. நகரத்துப் பிள்ளை இதை ஒரு எண்ணாகப் படித்துவிட்டுப் போய்விடும். உங்கள் மகளால் கேள்வி கேட்க முடியும். இன்று ஒரு வேலியில் எத்தனை மூட்டை காண்கிறது? அந்த நூறு கலம் மொத்த விளைச்சலா, உழுதவர் பங்கு போக மீந்ததா? அன்றைய வேலியும் இன்றைய வேலியும் ஒரே அளவா? கடைசிக் கேள்விக்கு, ஒரே அளவு என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதே விடை. கல்வெட்டுகளில் நிலம் அளந்த கோலின் நீளம் இடத்துக்கு இடம் மாறுகிறது. அதனால் அந்த நூறு கலத்தை இன்றைய மூட்டைக் கணக்கோடு நேராக ஒப்பிடுவது தவறு. ஆனால் அதே கோயில் கல்வெட்டுகளுக்குள் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடலாம், யாருக்கு அதிகப் பங்கு, யாருக்குக் குறைவு என்று பார்க்கலாம். எதை ஒப்பிடலாம், எதை ஒப்பிடக் கூடாது என்று தெரிந்துகொள்வதுதான் இந்தத் துறையின் அடிப்படைப் பயிற்சி. பதினாறு வயதில் அதைத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல மண் கிடைக்காது.

சோழரோடு இது நிற்பதும் இல்லை. வீட்டில் பழைய கிரயப் பத்திரம் இருந்தால் எடுத்துக் கொடுங்கள். எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர், நான்கெல்லை, பாய்ச்சல் வாய்க்கால், விலை என்று ஒரு தாளில் பிரித்து எழுதட்டும். 1952இன் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது ஊரில் என்ன மாறியது என்று தாத்தா பாட்டி வழி கேட்ட செய்தி இருந்தால் எழுதிவைக்கட்டும், சொன்னவர் நேரில் கண்டாரா, கேள்விப்பட்டதா என்பதையும் சேர்த்து. கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25இல் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது உங்கள் ஊரிலிருந்து தொலைவில் நடந்ததல்ல. அதைப் பற்றிப் பேசத் தயங்குகிற பெரியவர்களும் இருப்பார்கள், அவர்களை வற்புறுத்தக் கூடாது என்பதும் கற்க வேண்டியதே. 1620இல் டேனியர் வந்திறங்கிய தரங்கம்பாடி, 1658இல் டச்சுக்காரர் பிடித்த நாகப்பட்டினம் இரண்டும் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய தூரம். ஐரோப்பியர் வருகை பாடத்தை நடத்தும் வாரத்தில் போனால் மறக்காது.

வேலை விஷயத்தில் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்தே சொல்ல வேண்டும். வரலாறு படித்தால் டி.என்.பி.எஸ்.சி. சுலபம் என்பது மிகை. குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறி. பொது அறிவில் வரலாறு ஒரு பகுதி மட்டுமே, அதே பள்ளிப் புத்தகங்களைப் பொறியியல் படித்தவர்களும் வரிவரியாகப் படித்துவிட்டு வருகிறார்கள். உங்கள் மகளுக்குக் கிடைக்கும் லாபம் நான்கு வருடம் முன்னதாகத் தொடங்குவதுதான். ஆசிரியர் வேலைக்கு பி.ஏ., பி.எட்., அதன்பின் தகுதித் தேர்வு. மேல்நிலை வகுப்பென்றால் எம்.ஏ.வும் வேண்டும். வழி தெளிவானது, ஆனால் அரசு எப்போது அறிவிக்கும், எத்தனை இடம் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. கீழடி அகழாய்வுக்குப் பிறகு தொல்லியல் ஆசை பரவியிருக்கிறது. அதற்கு முதுகலையும் அதன்மேல் பட்டயப் படிப்பும் தேவைப்படும், பணியிடங்கள் குறைவு, பெரும்பகுதி வேலை வெயிலில். கல்வெட்டு படிப்பதில் விருப்பம் வந்தால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் தொல்லியலுக்கும் ஒரு துறை இருக்கிறது. பி.ஏ. முடித்த உடனே நல்ல சம்பளம் வேண்டும் என்கிற நிலை வீட்டில் இருந்தால், வரலாறு மட்டும் போதாது. சட்டமோ, வணிகவியல் சேர்ந்த குரூப்போ, பி.எட்.டோ என்று இரண்டாவது படியை இப்போதே திட்டமிட வேண்டும்.

மகள் தமிழ் வழியில் படித்து வருகிறாள் என்றால் அதை மாற்றாதீர்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020இல் வந்த திருத்தத்தின்படி, அந்தப் பணிக்குக் கேட்கப்படும் தகுதி வரை ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும், பட்டம் கேட்கும் பணி என்றால் பட்டமும். ஆனால் ஆங்கிலத்தை விட்டுவிடவும் கூடாது. கிளாட் போன்ற நுழைவுத்தேர்வுகளில் ஆங்கிலம் வராதது குறுக்கே நிற்கும். வாரம் ஒரு பாடம் என்.சி.இ.ஆர்.டி. ஆங்கிலப் புத்தகத்தில் படித்தால் இரண்டு வருடத்தில் பிடிபடும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். ஆகவே அரசுப் பள்ளியிலிருந்து தனியார் பள்ளிக்கு மாற்ற நினைத்தால் அதையும் கணக்கில் வையுங்கள்.

சேர்க்கும் முன் பள்ளியில் நேரில் கேட்க வேண்டியவை உண்டு. வரலாற்றுக்கு முதுகலை ஆசிரியர் இப்போது பணியில் இருக்கிறாரா, இடம் காலியாக இருந்து வேறு பாட ஆசிரியர் பார்த்துக்கொள்கிறாரா? இதுதான் முதல் கேள்வி, எல்லாவற்றையும்விட முக்கியம். ஆசிரியர் இல்லாத பள்ளியில் நல்ல பிள்ளையும் கைடை உருப்போட்டுத்தான் தேறும், அவள் விரும்பிய பாடமே அவளுக்குக் கசந்துபோகும். அடுத்து, போன வருடம் அந்தக் குரூப்பில் எத்தனை பேர், வரலாற்றில் 90க்கு மேல் எத்தனை பேர் என்று கேளுங்கள். விடைத்தாளைத் திருத்தி, ஏன் மார்க் குறைந்தது என்று எழுதித் தருவார்களா என்றும் கேளுங்கள். விண்ணப்பத்தில் குரூப்பின் பெயரை மட்டும் பார்க்காமல் நான்கு பாடங்களையும் தனித்தனியே படித்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். சேர்ந்த பிறகும் மகளுக்கு ஒத்துவரவில்லை என்றால் காலாண்டுத் தேர்வு வரை காத்திருக்காமல் முதல் சில வாரங்களுக்குள் தலைமையாசிரியரிடம் போங்கள். இடம் இருந்தால் அப்போது மாற்றித் தருவார்கள், நாள் ஆக ஆக அது கடினமாகும்.